மேற்றிராணியாருக்கு மாலை போட்டவள்

யேசு மரி சூசை துணை

வெள்ளைக்கல் தோட்டம், கீழ் டிவிசன்,
இரத்தோட்டை.
07.05.2024

ரோமாபுரியில் இருக்கும் என் தங்கை பிரகாசிக்கு, அக்காள் இஞ்ஞாசியம்மா மாதாவின் வணக்கமாதத்தில் எழுதிக்கொள்வது.

நான் சுகம். உன் சுகத்தை அறிய ஆவல் என்று எழுதுவது முறை. ஆனால் உன் சுகம் எனக்கு ஞாயிறுதோறும் தெரிந்துவிடுகிறது. பூசை முடிந்ததும் நம் பங்குச் சுவாமி யூஜின் போனை எடுத்து உன் படத்தை எல்லோருக்கும் காட்டுகிறார். போன வாரம் நீ ஏதோ ஒரு பெரிய நீரூற்றுக்கு முன்னால் குடை பிடித்து நின்றாய். "சிஸ்டர் இன்னும் சின்னப் புள்ள மாதிரியே இருக்காங்க" என்றார்கள் பெண்கள். ஒருத்தி என்னைத் திரும்பிப் பார்த்து, "அக்காவுக்குத்தான் வெயில் ஜாஸ்தி பட்டிருச்சி" என்றாள். கொழுந்து மலையில் நாற்பத்தைந்து வருஷம் நின்றவளுக்கு வெயில் படாமல் நிலாவா படும்?

உன்னை சிஸ்டர் மேரி பெனிட்டா என்று எழுதவில்லையே என்று வருத்தப்படாதே. அந்தப் பெயர் மடத்தில் வைத்தது. நான் உன் மூக்கைத் துடைத்துவிட்ட காலத்தில் நீ பிரகாசி.

விஷயத்துக்கு வருகிறேன். கோயிலின் நூற்றிருபத்தைந்தாம் வருஷ மலருக்கு நீ எழுதி அனுப்பிய கோயில் வரலாறு வந்து சேர்ந்தது. சுவாமி தன் போனுக்கு வந்ததை இரத்தோட்டை ஜவாஹிர் கடையில் ஒன்பது தாளாக அடித்து எடுத்து, என்னிடம் தந்தார். "பாட்டி, யாரையாவது வாசிச்சுக் காட்டச் சொல்லிக் கேளுங்க. அந்தப் பழைய போட்டோவையும் தேடிக் குடுங்க. அடுத்த மாசக் கடைசியில அச்சுக்குப் போகணும்" என்றார். யாரையாவது வாசித்துக் காட்டச் சொல்ல வேண்டுமாம். நல்ல பிள்ளைதான். முப்பத்து நான்கு வயது. என்னைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்?

உனக்குத் தெரியும். நீ தோட்டப் பள்ளிக்கூடத்துக்குப் போனாய். அம்மா மலைக்குப் போனாள். கைக்குழந்தைத் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு நான் கோயிலைக் கூட்டினேன். சுவரில் இருந்த பதினான்கு சிலுவைப்பாதைப் படங்களின் அடியில் எழுத்து இருந்தது. வெள்ளிக்கிழமைகளில் பழைய உபதேசியார் சின்னப்பன் எந்தப் படத்தின் முன் எந்த வசனத்தைச் சொல்கிறார் என்று கேட்டு மனதில் வைத்துக்கொள்வேன். சனிக்கிழமை அதே படத்தின் முன் விளக்குமாற்றோடு நின்று, அந்த வசனத்தை எழுத்தின் மேல் வைத்துப் பார்ப்பேன். அம்மா என்று எழுதத் தெரிவதற்கு முன்பே ‘விழுகிறார்' என்று எழுதத் தெரிந்தவள் நான். சிலுவையோடு யேசு மூன்று முறை விழுகிறார் அல்லவா, அதனால் அது நன்றாகப் பதிந்துவிட்டது.

அப்படிக் கற்ற எழுத்தைக் கொண்டுதான் உன் ஒன்பது தாளையும் நான்கு நாள் வாசித்தேன். மழையும் விடவில்லை. நல்ல தமிழ்தான். ஆனால் முதல் தாளிலேயே பிழை.

‘1899ஆம் ஆண்டில் தோட்டத்துரை மனமுவந்து அளித்த காணியில் இத்திருத்தலம் எழுந்தது' என்கிறாய். துரை எதையும் மனமுவந்து அளிக்கவில்லை. அது அவருடைய குதிரை லாயம். குதிரை செத்துப் போய், வேறு குதிரை வாங்காமல் லாயம் சும்மா கிடந்தது. மழைக்கு ஒதுங்கிய நம் ஆட்கள் அங்கே நின்று செபமாலை சொன்னார்கள். மூன்று வருஷம் விடாமல் சொன்ன பிறகு, அவர்களைக் கிளப்ப துரைக்கு வெட்கமாகிவிட்டது. லாயத்துக்குக் குதிரைவீரர்தான் பொருத்தம் என்று அக்காலத்துச் சுவாமி சிரித்துக்கொண்டே சந்தியாகுமையோர் சொரூபத்தைக் கப்பலில் வரவழைத்தாராம். பீடத்துக்குப் பின்சுவரில் குதிரை கட்டிய இரும்பு வளையம் இன்றும் இருக்கிறது. நான் அதில்தான் விளக்குமாற்றை மாட்டுகிறேன்.

மூன்றாம் தாளைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ‘புனிதரின் கரத்தில் கீழைத்தேயப் பாணியில் வளைந்த பழமையான ஐரோப்பிய வாள் ஒன்று காணப்படுகிறது.' பிரகாசி, அது அப்பா தேயிலைச் செடி வெட்டிய கவ்வாத்துக் கத்தி. அசல் வாள் மரம். அதைக் கறையான் தின்று, எழுபத்தாறாம் வருஷத் திருவிழாவுக்குச் சந்தியாகுமையோர் வெறுங்கையோடு ஊர்வலம் போக வேண்டி வந்தது. வெறுங்கை வீசிக்கொண்டு குதிரையில் போனால் கங்காணி மாதிரி இருக்கும் என்று, நான்தான் அப்பாவின் கத்தியைச் சாம்பல் போட்டுத் தேய்த்து அந்தக் கையில் சொருகினேன். அப்பா அப்போது கவ்வாத்து வெட்ட முடியாமல் படுத்திருந்தார். நீ மடத்தில் இருந்தாய். குதிரைக்கு மாத்தளை மாரியம்மன் கோயில் வாகனங்களுக்குச் சாயம் பூசுகிறவர்தான் சாயம் பூசினார். அதனால்தான் அதன் கண் அவ்வளவு பெரிது. அதையும் நீ ‘உயிரோட்டமான கலைநயம்' என்று எழுதியிருக்கிறாய். அதை மட்டும் நான் அடிக்கவில்லை, இருக்கட்டும்.

பாவசங்கீர்த்தனக் கூண்டைப் பற்றி ‘அழகிய பலாமர வேலைப்பாடு' என்று ஒரே வரியில் முடித்துவிட்டாய். அதை நினைத்தால் எனக்கு ஆறவில்லை. அதைச் செய்தவர் பலாபத்வல தச்சர், ஜவாஹிரின் வாப்பா. அவர் ஆயுளில் பாவசங்கீர்த்தனக் கூண்டைப் பார்த்ததில்லை. "ஒரு பக்கம் ஒராள் உக்காரணும், மத்தப் பக்கம் ஒராள் முழங்கால்ல முட்டுக்குத்தணும், நடுவுல சல்லடை" என்று நம் அப்பாதான் போய்ச் சொன்னார். யார் உட்காருவது, யார் முட்டுக்குத்துவது என்று சொல்லவில்லை. பாவம் செய்து களைத்து வருகிறவன்தானே உட்கார வேண்டும் என்று அந்த மனிதர் நினைத்துவிட்டார். பாவியின் பக்கம் கைவைத்த நாற்காலி, சுவாமியின் பக்கம் முட்டுக்குத்தப் பலகை. அன்றிருந்த சுவாமி பார்த்துவிட்டு அரை நாள் சிரித்தார். பிறகு மாற்ற வேண்டாம் என்று சொல்லிவிட்டு, தனக்கு ஒரு முக்காலி மட்டும் போட்டுக்கொண்டார். இன்றுவரை இந்த மாவட்டத்தில் நாற்காலியில் சாய்ந்துகொண்டு பாவம் சொல்கிறவர்கள் நாம் மட்டும்தான். இது வரலாறு இல்லையா?

மழை நின்றபாடில்லை. கூரைத் தகரம் அடுப்படிப் பக்கம் ஒழுகுகிறது. சுவாமியிடம் சொன்னேன். "திருவிழா முடியட்டும் பாட்டி, சிஸ்டர் வந்து தங்குற ரூமுக்கு இப்ப பெயின்ட் அடிக்கிறோம்" என்றார். போய்ப் பார்த்தேன். மிசன் வீட்டு முன் அறைக்கு நீல நிறச் சாயம், புதுக் கட்டில், புது நுளம்பு வலை. ஜன்னலுக்குத் திரைச்சீலை. அந்தத் திரைச்சீலையைத் தோய்த்து மாட்டியது யார் என்று கேள். நான்தான். கோயில் துணிகளோடு சேர்த்துத் தோய்க்கச் சொல்லிக் கொடுத்தார்கள். கஞ்சி போட்டேன். உன் திரைக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் போட்டேன்.

எட்டாம் தாளில் ஒரு வசனம். ‘ஆலயப் பணிகளை இன்று ஊரார் சிறப்புற ஆற்றி வருகின்றனர்.' ஊரார் என்றால் யார்? பீடத்துணி தோய்ப்பது, மெழுகு சுரண்டுவது, வௌவால் எச்சம் கழுவுவது, மணி அடிப்பது, திரி போடுவது எல்லாம் ஒருத்திதான். அவளுக்கு எழுபத்திரண்டு வயது. அவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை. அவள் மடத்துக்கும் போகவில்லை. அவள் உன் கூடப் பிறந்தவள். என் பெயரைப் போடு என்று நான் கேட்கவில்லை. ஊரார் என்று போடாதே என்று மட்டும் சொல்கிறேன்.

இனி ஏழாம் தாள். வேண்டுமென்றே கடைசிக்கு வைத்தேன்.

அறுபத்திரண்டாம் வருஷம் மாசி மாதம் மேற்றிராணியார், நீ ஆயர் என்று எழுதுகிறவர், உறுதிபூசுதல் கொடுக்க வந்தபோது எடுத்த படம். மேற்றிராணியார் குனிந்து நிற்கிறார். வெள்ளை கவுன் போட்ட ஒரு பிள்ளை இரண்டு கையையும் தூக்கி மாலை போடுகிறாள். அவருடைய ஒரு கை பிள்ளையின் தலையில் இருக்கிறது. மாலை முகத்தில் பாதியை மறைக்கிறது. அதன் அடியில் போடச் சொல்லி நீ எழுதியிருப்பது: ‘செபமாலை சுற்றிய கரத்துடன் ஆயருக்கு மாலை அணிவிப்பவர் இக்கட்டுரையாசிரியர். "இவள் நம்மிடம் வருவாள்" என ஆயர் அன்றே மொழிந்தார்.'

பிரகாசி, அது நான். அந்த கவுன் என் அளவுக்குத் தைத்தது. அப்போது எனக்கு ஒன்பது வயது, உனக்கு எட்டு. அந்த மாலையின் வாசனை இன்றும் என் மூக்கில் இருக்கிறது. பச்சைக் கசப்பு வாசனை. கையில் செபமாலை சுற்றிக்கொண்டு போ என்று அம்மாதான் சொன்னாள். ‘இவள் நம்மிடம் வருவாள்' என்று அவர் சொன்னது என் தலையில் கை வைத்து.

எழுபத்தொன்றில் கண்டியிலிருந்து கன்னியாஸ்திரிமார் மடத்துக்குப் பிள்ளைகள் தேடி வந்தபோது, சுவாமி அந்தப் படத்தைப் பூசை உடுப்பு வைக்கும் அறையிலிருந்து கொண்டுவந்து காட்டி, "இந்தப் பிள்ளைதான்" என்றார். எந்தப் பிள்ளை என்று அவர்கள் கேட்டார்கள். அம்மா உன் முதுகில் கை வைத்துத் தள்ளினாள். எனக்குத் தோட்டத்தில் பெயர் பதிந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது, உனக்குப் பதியவில்லை. நான் போனால் ஒரு சம்பளம் போகும், நீ போனால் ஒரு வாய் குறையும். நான் வாய் திறக்கவில்லை. என் தலையில் வைத்த கையை எடுத்துக்கொண்டு நீ போனாய். போனது போகட்டும் என்று ஐம்பத்து மூன்று வருஷம் சும்மா இருந்தேன். இப்போது அந்தப் படத்தையும் எடுத்துக்கொள்கிறாய்.

கூரை ஒழுகிய வருஷம் அந்தப் படத்தை நான் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். என் பெட்டியில் சேலைக்குள் இருக்கிறது. சுவாமி மூன்று தடவை வந்து கேட்டுவிட்டார். அதன் அடியில் என் பெயர் இல்லாமல் அது பெட்டியை விட்டு வெளியே வராது.

தேவன் உனக்கு நல்ல ஞாபகசக்தியைத் தந்தருளட்டும்.

அக்காள்,
இஞ்ஞாசியம்மா


யேசு மரி சூசை துணை

இரத்தோட்டை.
18.06.2024

என் தங்கை பிரகாசிக்கு,

உன் பதில் சுவாமியின் போனில் குரலாக வந்தது. பூசைக்கு வந்தவர்கள் எல்லோரும் நிற்கிறார்கள். அவர் எல்லோருக்கும் கேட்கும்படி போடப் போனார். போனைப் பிடுங்கிக்கொண்டு கோயிலுக்குப் பின்னால் போய்க் கேட்டேன். "அக்கா, அது நீங்கன்னு எனக்குத் தெரியாதுக்கா. அம்மா பீலிக்கரையில வச்சு அது நான்தான்னு சொன்னாங்க. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். பாதருக்குச் சொல்லிட்டேன், ஒங்க பேரையே போடுவாங்க" என்றாய்.

நீ சண்டை போடுவாய் என்று நினைத்திருந்தேன். பதில்கூடத் தயாராக வைத்திருந்தேன். நீ விட்டுக்கொடுத்துவிட்டாய். அது எனக்கு இன்னும் பொறுக்கவில்லை. உனக்கு விட்டுக்கொடுக்க ரோமாபுரி இருக்கிறது, நீரூற்று இருக்கிறது, நீல அறை இருக்கிறது. இல்லாதவளுக்குத்தான் பிடிவாதம்.

அம்மா உனக்குத் தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில் சொன்னாள் என்கிறாய். எனக்கு அடுப்படியில் சொன்னாள். படம் கண்டியிலிருந்து வந்த அன்று, "அது நீதான்டி, ஒன் தங்கச்சிக்குச் சொல்லாத, அழுவா" என்று. அதைக் கேட்டதும் எனக்கு ஒரு சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஜெயித்த சந்தோஷத்தில் படத்தைச் சேலைக்குள்ளிருந்து எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

ஜவாஹிர் அதை ஒரு பெட்டிக்குள் வைத்து மூடினான். படம் அவன் கம்பியூட்டரில் சுவர் அளவுக்கு வந்தது. "இதுல மாலை போடுறது நான், கையில செபமாலை சுத்தியிருக்கேன்" என்றேன். "அப்படியா ஆச்சி, அந்த நேரமே பெரிய ஆள்தான்" என்று சொல்லிக்கொண்டே பெரிதாக்கினான். பிள்ளையின் கை வந்தது. கவுன் கை முழங்கைவரை வழுக்கியிருந்தது. அவன் படத்துக்குக் கிட்டே குனிந்தான்.

"ஆச்சி, நீங்க இத செபமாலை எண்டு சொன்னீங்க?"

ஆமாம் என்றேன்.

"எங்கட தஸ்பீஹுக்கும் ஒங்கட செபமாலைக்கும் மணி இருக்குமே. இதுல மணி ஒண்டும் இல்லையே. நூல்தான். நடுவுல என்ன இது, மஞ்சக் கெழங்குத் துண்டு மாதிரி இருக்கு?"

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். மஞ்சள் துண்டு. மஞ்சள் துண்டு கட்டிய காப்பு. மாசி மாதம் மாரியம்மனுக்குக் கட்டுகிற காப்பு. நம் வீட்டில் எவர் கையிலும் ஒருநாளும் அது ஏறியதில்லை என்பது உனக்குத் தெரியும்.

ஜவாஹிர் நல்ல மனிதன். ஒரு நாற்காலி போட்டு, பிளேன்டீ வரவழைத்தான். "பழைய படம் ஆச்சி, பூஞ்சணம் புடிச்சா அப்படித்தான் தெரியும். வேணுமெண்டா அந்த இடத்தத் துடைச்சி விடுறேன், ஒரு நிமிஷ வேலை" என்றான். அவன் கேலி செய்யவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் அப்படிச் சொன்னான். துடைக்க வேண்டாம் என்றேன். பெரிதாக்கிய படத்தை ஒரு தாளில் அடித்து வாங்கிக்கொண்டேன்.

வீட்டுக்கு வராமல் நேராக மேல் டிவிசனுக்கு ஏறினேன். நல்லம்மா நினைவிருக்கிறதா? நம் லயத்தில் மூன்றாவது காம்பராவில் குடியிருந்தவள். என் வயது. இப்போது மகனோடு மேல் டிவிசனில் இருக்கிறாள், முழங்கால் போய்விட்டது, வாய் போகவில்லை. படத்தில் யார் என்று சொல்லாமல் தாளை அவள் மடியில் வைத்தேன். அவள் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தாள்.

"அட, நாந்தான்! எம்புட்டு அழகா இருந்திருக்கேன் பாருடி!"

பிறகு எல்லாம் கொட்டிவிட்டாள். மேற்றிராணியார் வருவதற்கு மூன்று நாள் முன்னால் உனக்கும் எனக்கும் ஒன்றாக அம்மை போட்டதாம். "ஒடம்பு பூரா முத்து முத்தா. ரெண்டு பேரையும் வேப்பலையில போட்டு வச்சிருந்தாங்க. நீ காச்சல்ல மால, மாலன்னு பெனாத்திக்கிட்டு கெடந்த." அம்மா சுவாமியிடம் சொல்லவில்லை. சொன்னால் மாலை போடுகிற பெருமை பெரிய கங்காணி வீட்டுப் பிள்ளைக்குப் போய்விடும் என்று பயந்தாள். நல்லம்மாவின் தாயிடம் போய்க் கெஞ்சி, அவளைக் குளிப்பாட்டி, நெற்றித் திருநீற்றைத் துடைத்து, எனக்குத் தைத்த கவுனை மாட்டிவிட்டாள். காப்பை மட்டும் அவிழ்க்க அவளுடைய தாய் விடவில்லை. "காப்ப அவுத்தா ஆத்தா கண்ணப் புடுங்கிருவா" என்றாளாம். கையைத் தூக்காமல் மாலை போடு என்று அம்மா சொல்லிக் கொடுத்தாள். கையைத் தூக்காமல் அவ்வளவு உயரமான மனிதருக்கு எப்படி மாலை போடுவது?

"ஏன்டி இத்தன வருஷமா இதச் சொல்லல?" என்று கேட்டேன்.

"யாரு கேட்டா? அந்தப் படம் ஒங்க சாமி ரூமுக்குள்ள கெடந்துச்சி, எங்கள உள்ள விட்டாத்தானே பாக்க. நீ மால போட்டேன் மால போட்டேன்னு சொல்றப்ப, வேற ஒரு மேற்றிராணியாருக்கு நீயும் போட்டிருப்பேன்னு நெனச்சேன். ஒங்களுக்கு எத்தன பேரு இருக்காங்களோ, எனக்கென்ன தெரியும்!"

மேற்றிராணியார் தலையில் கை வைத்து என்ன சொன்னார் என்று கேட்டேன். "என்னமோ சொன்னாரு, இங்கிலீசோ என்னவோ. புளிப்பு முட்டாயி ஒன்னு குடுத்தாரு. நல்லா இருந்திச்சி." இவ்வளவுதான் அவளுக்குத் தெரிந்தது. ‘இவள் நம்மிடம் வருவாள்' என்பதை யார் உண்டாக்கினார்கள் என்று நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. அம்மாவுக்கு வாய்ச் சாமர்த்தியம் உண்டு.

மாலையின் வாசனை மூக்கில் இருக்கிறது என்று உனக்கு எழுதினேன் அல்லவா. அது வேப்பிலை வாசனை, பிரகாசி. அறுபத்திரண்டு வருஷமாக நான் என் அம்மையின் வாசனையை முகர்ந்துகொண்டிருந்திருக்கிறேன்.

புறப்படும்போது நல்லம்மா சொன்னாள்: "அடியே, ஒன் பேரையே போட்டுக்க. நானும் ஜவாஹிரும் வாயத் தொறக்கப் போறதில்ல. ஒங்க கோயில் பொஸ்தகத்துல என் பேரு வந்து எனக்கு என்ன ஆகப்போகுது?" இறக்கத்தில் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். பெயர் என் கைக்கு வந்துவிட்டது. நீ கொடுத்துவிட்டாய், சுவாமி ஒத்துக்கொண்டார், அவளும் விட்டுவிட்டாள். நான் பேசாமல் இருந்தால் போதும். படத்தைச் சுவாமியிடம் கொடுத்துவிட்டு இரண்டு நாள் பேசாமல்தான் இருந்தேன். அதை மறைக்கவில்லை. மூன்றாம் நாள் சுவாமி அச்சுக்குப் போகிற தாளைக் கொண்டுவந்து காட்டினார். படத்தின் அடியில், ‘செபமாலை சுற்றிய கரத்துடன் செல்வி இஞ்ஞாசியம்மா' என்று இருந்தது. என் பெயரை அச்சில் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். எழுத்து நன்றாக இருந்தது. வாளைக் கவ்வாத்துக் கத்தி என்று திருத்தச் சொன்னவள், காப்பைச் செபமாலை என்று எப்படி விடுவேன்? பேனாவை வாங்கி அடித்துவிட்டேன். ‘மாலை அணிவிப்பவர்: மேல் டிவிசன் நல்லம்மா' என்று எழுதிக் கொடுத்தேன்.

சுவாமி பயந்துவிட்டார். "பாட்டி, இது ஆயர் கையால வெளியிடுற மலர். காப்புக் கட்டோட ஒரு இந்துப் பிள்ளைன்னு போட்டா என்ன நினைப்பாங்க?" என்றார். சந்தியாகுமையோரின் குதிரைக்குச் சாயம் பூசியவர் யார், கூண்டு செய்தவர் யார் என்று கேட்டேன். அப்படிப் போட முடியாது என்றால் படத்தைத் திருப்பித் தாருங்கள் என்றேன். இதற்குமேல் என்னோடு பேசிப் பயனில்லை என்று அவருக்கு இப்போது தெரியும். என் திருத்தங்களையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போனார். போகும்போது, "பாட்டி, ஒங்களுக்கு எழுதப் படிக்கத் தெரியும்னு நீங்க சொல்லவே இல்லையே" என்றார். கேட்டால்தானே சொல்ல.

இப்போது நல்லம்மாவின் ஆட்டம் தாங்க முடியவில்லை. தாளைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டிவிட்டாள். பஸ்ஸில் போகிறவர்களிடமெல்லாம், "மேற்றிராணியாருக்கு மால போட்டவ நாந்தான்" என்கிறாள். திருவிழாவுக்கு முதல் வரிசையில் நாற்காலி கேட்டிருக்கிறாள். சுவாமியும் சரி என்றுவிட்டார். எனக்கு வயிற்றெரிச்சலாக இருக்கிறது. நானே என் கையால் எழுதிக் கொடுத்தேன், நானே வயிறெரிகிறேன். கூண்டில் உட்கார்ந்து இதைச் சொன்னேன். மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லச் சொன்னார். அது போதாது என்று எனக்குத் தெரியும்.

இன்னொன்று எழுத வேண்டும். இதற்காகத்தான் இந்தக் கடிதத்தைச் சுவாமியின் போனில் சொல்லாமல் தபாலில் போடுகிறேன்.

அந்தக் கை உன் தலையில் இல்லை. என் தலையிலும் இல்லை. அப்படியானால் நீ என்னிடமிருந்து எதையும் எடுத்துக்கொண்டு போகவில்லை. பெயர் பதிந்த பிள்ளையை அம்மா வைத்துக்கொண்டாள், பதியாத பிள்ளையை அனுப்பிவிட்டாள், அவ்வளவுதான். இது எனக்கு விளங்கியதும் முதலில் கோபம்தான் வந்தது. ஐம்பத்து மூன்று வருஷத்து மனத்தாங்கலை எங்கே கொண்டுபோய் வைப்பது?

நல்லம்மா அன்று வேறொன்றும் சொன்னாள். நீ மடத்துக்குப் போன அன்று, ஜீப்பில் ஏறாமல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாயாம். "அக்கா வரட்டும், அக்கா வரட்டும்னு அழுதா. ஒங்கம்மா விரல் விரலாப் பிரிச்சி எடுத்தா" என்றாள். நான் அன்று வேண்டுமென்றே தூர மலைக்குப் போயிருந்தேன். ஜீப் போகிற சத்தம் அங்கே கேட்டது. தலையை நிமிர்த்தவில்லை. அன்று அதிகக் கொழுந்து எடுத்தவள் நான்தான்.

உனக்குப் போக விருப்பம் இருந்ததா? இதை நான் உன்னிடம் ஒருநாளும் கேட்கவில்லை. இருந்தது என்று வைத்துக்கொண்டே இத்தனை காலம் எரிந்தேன். பதிலைப் போனில் சொல்லாதே. எழுதவும் எழுதாதே.

திருவிழாவுக்கு வராதே. சுவாமி கோபித்தால் நான் பார்த்துக்கொள்கிறேன். திருவிழாவுக்கு வந்தால் நீ எல்லோருக்கும் சிஸ்டர். மேளம் அடிப்பார்கள், பூச்செண்டு கொடுப்பார்கள், பிள்ளைகள் உன்னை நடுவில் நிறுத்திப் படம் எடுப்பார்கள். உன்னோடு பேச நான் வரிசையில் நிற்க வேண்டும். நான் நிற்க மாட்டேன், அது உனக்குத் தெரியும். கொடி இறக்கி, பந்தல் பிரித்து, கூட்டம் கலைந்த பிறகு வா. ஆவணியில் மழை குறைவு. நீல அறையில் தங்காதே. என்னிடம் பாய் இரண்டு இருக்கிறது, ஒழுகாத மூலை ஒன்று இருக்கிறது. ஒரு வாரம் இரு. இரண்டு நாள் நான் பேசாமல் இருந்தாலும் இரு. மூன்றாம் நாள் பேசுவேன்.

சந்தியாகுமையோர் வழித்துணையாக நின்று உன்னைக் கொண்டுவந்து சேர்க்கட்டும். வருகிற நாளை எனக்கு மட்டும் தபாலில் தெரிவி. சுவாமிக்கு வேண்டாம். நல்லம்மாவுக்கும் சொல்லாதே.

உன் அக்கா,
இஞ்ஞாசி